மூன்று ஃப்ரேம் தாமதம்

கத்திரியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி முதல் மாடியறை முதலாளி வரை எல்லோருக்கும் அவள் கத்திரியக்காதான். பாட்டு வீடியோக்களை வெட்டி ஒட்டும் எடிட்டர் வேலை அவளுக்கு. இத்தனைக்கும் அவள் கத்திரிக்கோலைத் தொடுவது மகளுக்கு நெற்றி முடியைச் சரிசெய்யும்போது மட்டும்தான். மற்றதெல்லாம் கம்ப்யூட்டர். ஆனாலும் ஒட்டிக்கொண்ட பெயர் ஒட்டிக்கொண்டதுதான்.

அவளுடைய அறை மூன்றாம் மாடியில், நடைவழியின் கோடியில், கழிப்பறைக்கு அடுத்த கதவு. ஜன்னல் கிடையாது. இரண்டு திரைகள், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வாளி, முதுகுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணை. காலை ஒன்பதுக்கு உள்ளே போய் ஆறு மணிக்கு வெளியே வந்தால், இன்றைக்கு வெயிலா மழையா என்று காவலாளியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே வருவதற்கு முன் ஏழு வருடம் கல்யாண வீடியோ கடையில் இருந்தாள். சாப்பிடும்போது வாயைத் திறந்தபடி கேமராவைப் பார்த்தவர்கள், மண்டபத்து மூலையில் நடந்த சண்டை, மாப்பிள்ளை விட்ட கொட்டாவி, மாமியார் முறைத்த முறைப்பு எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, சிரித்த முகங்களாகப் பார்த்துக் கோத்துக் கொடுப்பாள். "உங்க வீடியோவுலதான் எங்க வீட்டு ஆளுங்க ஒத்துமையா இருந்தாங்க" என்று ஒரு பெண் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். இருப்பதைவிட நன்றாகக் காட்டுவதுதான் தன் தொழில் என்று அவள் நம்பியிருந்த காலம் அது.

பிறகு இந்தப் பாட்டு கம்பெனியில் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாம் மாதம் அந்தப் பெண் வந்தாள்.

பத்தொன்பது வயது. ஈரத் தலையோடு, கையில் ஒரு பன்னோடு கதவைத் திறந்து, "அக்கா, நான்தான் உங்க டிவியில இருக்கறவ" என்றாள். அக்கா திரையைப் பார்த்தாள், திரும்பி இவளைப் பார்த்தாள். ஆமாம், அவளேதான். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டில், ஒரே ஒரு கேமராவை வைத்து, ஒரே பகலில் எடுத்த பாட்டு. விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தது அவளுடைய சொந்த அண்ணன். அதுவரை ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன், தங்கைக்காகக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான்.

பாட்டின் பல்லவியில் மிட்டாய் என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல்லை அவள் நாக்கில் உருட்டிய விதத்தில் ஊரே சொக்கிப்போனது. ஒரே மாதத்தில் அவள் பெயர் மிட்டாய் ஆகிவிட்டது. கடைத்தெருவில், பேருந்தில், பள்ளிக்கூட வாசலில், எங்கே பார்த்தாலும் மிட்டாய்தான்.

படப்பிடிப்பில் பாடகர்கள் நிஜமாகப் பாட மாட்டார்கள். முன்பே பதிவு செய்த பாட்டை ஸ்பீக்கரில் போடுவார்கள், அதற்கு வாயசைப்பார்கள். எடிட்டர் அந்த வாயையும் பாட்டையும் பொருத்த வேண்டும். பெரிய பெரிய பாடகர்களுக்கெல்லாம் அங்கங்கே வாய் முந்தும், பிந்தும். மிட்டாயின் வாய் மட்டும் அச்சில் வார்த்த மாதிரி பாட்டின் மேல் போய் உட்கார்ந்தது. அந்த முதல் வீடியோவில் அக்கா ஓர் இடத்தில்கூட எதையும் நகர்த்தவில்லை.

"அக்கா, இந்த எடத்துல மூக்கு பெருசா தெரியுதே?"

"மூக்கு உன்னோடது, கேமரா அவங்களோடது. நான் நடுவுல என்ன பண்ணட்டும்?"

"வெட்டிடு."

"மூக்கையா?"

மிட்டாய் சிரித்த சிரிப்பில் பன் துணுக்கெல்லாம் கீபோர்டில் சிந்தியது. 'நீங்க' அன்றைக்கே போய் 'நீ' வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வீடியோ முடியும்போதும் அவள் அந்த ஜன்னலில்லாத அறைக்கு வந்து, அக்காவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, முதல் ஆளாகப் பார்ப்பது வழக்கமாயிற்று. வெட்டி முடித்ததைத்தான் பார்ப்பாள். வெட்டாததைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதுமில்லை, அக்கா காட்டியதுமில்லை.

இரண்டாவது வீடியோ ஒரு மொட்டை மாடியில். மூன்றாவது, தண்ணீர் வடித்த நீச்சல் குளத்துக்குள். நான்காவதுக்கு நாற்பது பேர் பின்னால் ஆடினார்கள். ஐந்தாவதுக்கு ஒரு பழைய கிடங்கு முழுக்கக் கண்ணாடி பதித்தார்கள். கேமராக்காரர் எங்கே நின்றாலும் அவர் உருவமே விழுந்து, அதை மறைத்து வெட்டுவதற்குள் அக்காவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றின் கடைசியிலும் பொடி எழுத்தில் 'எடிட்டிங்: கத்திரியக்கா' என்று ஓடும். மகள் அந்த இடத்தில் நிறுத்தி, தோழிகளைக் கூப்பிட்டு, "எங்கம்மா!" என்பாள். வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். தன் டிப்போவில், "எங்க வீட்ல கை வெக்கலேன்னா மிட்டாய் இனிக்காது" என்று பெருமையடித்துக்கொள்வார்.

ஆறாவது வீடியோவில்தான் அக்கா அதைக் கவனித்தாள்.

மெதுவான பாட்டு. நடுவில் மேளதாளமெல்லாம் அடங்கி, ஒற்றைத் தந்தியின் மெல்லிய ஒலி மட்டும் ஓடும். அதன் மேல் அவள் பாட வேண்டும். ஒரு நொடிக்கு இருபத்தைந்து படங்கள் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம். அந்த இடத்தில் மிட்டாயின் உதடு மூன்று ஃப்ரேம் தாமதமாகத் திறந்தது. மூன்று ஃப்ரேம் என்றால் கண்ணிமை பாதி மூடும் நேரம். பார்க்கிறவர்களுக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும். ஸ்பீக்கரை எங்கேயாவது தூரத்தில் வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள் அக்கா. படத்தை மூன்று ஃப்ரேம் முன்னால் தள்ளினாள். சரியாகிவிட்டது. அதோடு மறந்தும்விட்டாள்.

ஏழாவதில் அது ஐந்து ஃப்ரேம் ஆயிற்று. அதுவும் பாட்டு அடங்கும் இடங்களில் மட்டும். தாளம் அதிரத் தொடங்கியதும் வாய் பழையபடி கச்சிதமாக விழுந்தது. ஸ்பீக்கர் தூரமென்றால் எல்லா இடத்திலும் அல்லவா பிந்த வேண்டும்? அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வேண்டாமென்று ஒதுக்கி வைத்த ஷாட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள்.

அப்போதுதான் கண்களைப் பார்த்தாள். பாட்டு அடங்கும் ஒவ்வோர் இடத்திலும் மிட்டாயின் கண்கள் கேமராவை விட்டு இடப்பக்கம் நழுவின. ஒரே இடத்துக்கு. அங்கே என்னதான் இருக்கிறது? ஒரு ஷாட்டின் வாலில், நிறுத்துவதற்கு முன் கேமரா தற்செயலாகத் திரும்பியிருந்தது. அங்கே ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார் டான்ஸ் மாஸ்டரம்மா. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது விரலுக்கு மிட்டாய் வாயைத் திறந்தாள்.

அந்தப் பெண்ணுக்குப் பாட்டு கேட்கவில்லை. தாளத்தின் அதிர்வு காலில் ஏறுகிறது, அதை வைத்துச் சமாளிக்கிறாள். தாளம் நின்றால் விரலைப் பார்க்கிறாள்.

அக்கா என்ன செய்தாள்? தன் தொழில் என்னவோ அதைச் செய்தாள். ஐந்து ஃப்ரேமையும் தள்ளிச் சரி செய்தாள். கண் நழுவும் ஷாட்டுகளை முடிந்தவரை எடுத்துவிட்டாள். இருந்தும் இரண்டு மூன்றைத் தவிர்க்க முடியவில்லை.

விதி என்பதா, வேடிக்கை என்பதா, அந்த இரண்டு மூன்றுதான் பிய்த்துக்கொண்டு போயிற்று. இடப்பக்கம் சாய்ந்து நழுவும் அந்தப் பார்வைக்கு 'மிட்டாய் பார்வை' என்று பத்திரிகைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். யாரையோ நினைத்து ஏங்கும் பார்வை என்று ஒருவர் அரைப் பக்கம் எழுதினார். ஊரிலுள்ள பெண்பிள்ளைகளெல்லாம் படமெடுக்கும்போது கண்ணை அப்படி ஓட்டினார்கள். ஒருநாள் காலையில் அக்கா குளித்துவிட்டு வந்தால், அவள் மகளே கண்ணாடி முன் நின்று கண்ணை இடப்பக்கம் தள்ளிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

"கண்ண ஒழுங்கா வெச்சுக்கடி!"

"ஏம்மா? மிட்டாய் மாதிரி இல்ல?"

அக்கா துண்டை உதறிக் காயப்போடப் போனாள்.

அந்த வாரமே டைரக்டரிடம் போனாள். மொத்த வீடியோக்களையும் எடுத்தவர் அவர்தான். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் அடுத்த வேலையில் இருப்பவர். ஃபோனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வாய் லேட்டா விழுதா? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"தெரியாத மாதிரி நான் தள்ளி வெச்சிருக்கேன் சார்."

"அதான் நீங்க இருக்கீங்களே! அப்புறம் என்ன கவலை?"

அடுத்து அண்ணனிடம் போனாள். ஃபோன் ரிப்பேர் கடைக்காரன் இப்போது மேனேஜர். அவன் அறைக்கு ஜன்னல் இருந்தது, சோபா இருந்தது. அக்கா சொல்லி முடிக்கும்வரை கேட்டான். பிறகு எழுந்து போய்க் கதவைத் தாழிட்டான்.

"வேற யார்கிட்டக்கா சொன்னீங்க?"

"டைரக்டர்கிட்ட. அவர் காதுலயே வாங்கல."

"டாக்டர் ரிப்போர்ட் என்கிட்டதான் இருக்கு. ரெண்டு காதும் போய்க்கிட்டே இருக்காம். ரெக்கார்டிங்லகூட ஹெட்ஃபோன முழுச் சத்தத்துல வெச்சு, துண்டு துண்டாத்தான் பாடறா. ஹெட்ஃபோன், ஸ்டேஜு, ஸ்பீக்கர் எல்லாத்தையும் உடனே நிறுத்தணும்னாரு. மீனைக் கரையில போட்டுட்டு உயிரோட இருன்னா எப்படிக்கா?"

"தங்கச்சிக்குத் தெரியுமா தம்பி?"

"இடது காதுல லேசா கோளாறுன்னு சொல்லியிருக்கேன். முழுசா சொன்னா ஒடைஞ்சு போயிடுவா. இன்னும் ஒரு வருஷம்க்கா. எல்லாத்தையும் ஒரு நிலைக்குக் கொண்டுவந்துட்டு நானே சொல்றேன். அதுவரைக்கும்…" அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கண் கலங்கியிருந்தது. அயோக்கியனாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். பயந்து போன அண்ணன் ஒருவனிடம் என்னவென்று சண்டை போடுவது?

அக்கா தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்தாயிற்று. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

ஒரு யோசனை தோன்றியது. வாயால்தானே சொல்லக்கூடாது? எட்டாவது வீடியோவில் ஓர் இடத்தை மட்டும் சரிசெய்யாமல், பிந்துகிற வாயை அப்படியே விட்டு அனுப்பினாள். யாராவது ஒருவர் பார்த்து, ஏன் இப்படி என்று கேட்டால் போதும், பிறகு தானாகவே எல்லாம் வெளியே வரும் என்று நினைத்தாள். டைரக்டர் பார்த்தார். கேட்கவும் செய்தார்.

"என்னக்கா, வயசாயிடுச்சா? வாய் விழவே இல்லயே! ரெண்டு நாள் லீவு போட்டு ஓய்வெடுங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவைத்தாள். அன்று மத்தியானம் உட்கார்ந்து எட்டு ஃப்ரேமையும் தள்ளினாள்.

ஒன்பதாவதில் பதினொன்று. பத்தாவதில் எண்ணுவதை விட்டுவிட்டாள். முகத்தைக் கிட்டத்தில் காட்டும் ஷாட்டுகளைக் குறைத்து, கூந்தல், தோள், ஆடுகிறவர்களின் கால், நிழல் என்று இட்டு நிரப்பினாள். 'புதுமையான எடிட்டிங்' என்று அதற்கு ஒரு விருது கொடுத்தார்கள். மகள் அதை வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். அக்கா தூசி தட்டும்போதுகூட அதைத் தொடுவதில்லை.

பதினோராவது வீடியோவுக்கான வேலை நடக்கும்போது ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். கதவு திறந்தது. மிட்டாய் வந்து நின்றாள். வயது இருபத்தெட்டு ஆகியிருந்தது. தலையில் தொப்பி, முகத்தில் மூக்குக் கண்ணாடி. ஸ்டூலை வழக்கமாகப் போடும் இடத்தை விட்டு, அக்காவின் முகத்தை நேராகப் பார்க்கும்படி போட்டுக்கொண்டாள்.

அக்கா திரைப்பக்கம் திரும்பிக்கொண்டு, "டீ சொல்லவா?" என்றாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். இல்லை. திரும்பினாள். மிட்டாய் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதோ கேட்ட. என்ன கேட்ட?"

"டீ."

"வேணாம். எனக்கு வெட்டாதத போட்டுக் காட்டுக்கா."

"எதுக்கும்மா அதெல்லாம்? பாதி வேலைல…"

"போடு."

குரலில் குழைவு இல்லை. அக்கா போட்டாள். திரையில் தந்தி ஒலி அடங்கி ஓடியது. மிட்டாயின் கண்கள் இடப்பக்கம் நழுவின. பாட்டு தொடங்கி, ஒரு சொல் முழுதாகக் கடந்து போன பிறகு, உதடு திறந்தது. ஒலி கேட்காவிட்டாலும், ஒலியின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு திரையின் அடியில் துள்ளுவதை அவளால் பார்க்க முடிந்தது. கோடு முதலில் துள்ளியது. உதடு பிறகு அசைந்தது.

"இவ்ளோவா?" என்றாள்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதுக்கு முன்னாடி?"

"ஆறாவதுலேர்ந்து."

மிட்டாய் விரல்விட்டு எண்ணினாள். பிறகு பேசினாள். கத்தவில்லை. தன் குரல் தனக்குக் கேட்காதவர்கள் பேசுவதைப் போல, மேலும் கீழும் போய் வந்தது குரல்.

"அண்ணன் லேசான கோளாறுன்னு சொன்னான். எனக்கு அப்பப்போ சந்தேகம் வரும்க்கா. ஃபோன் கேக்காது. பின்னாடி கூப்பிட்டா கேக்காது. பயமா இருக்கும். அப்புறம் வீடியோ வரும். இங்க வந்து பார்ப்பேன். வாய் கரெக்டா விழும். அப்பாடா, பாட்டு எனக்குக் கேட்டிருக்கு, கேக்காமயா இவ்ளோ கரெக்டா பாடியிருப்பேன்னு நெனச்சுக்குவேன். ரெண்டாவது டாக்டர்கிட்ட போலாம்னு மூணு தடவ கெளம்பினேன். மூணு தடவயும் வீடியோவப் பாத்துட்டு நின்னுட்டேன்."

அக்கா ஓடிக்கொண்டிருந்த ஷாட்டை நிறுத்தினாள்.

"நீ ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

அண்ணன் கும்பிட்டதைச் சொல்லலாம். டைரக்டர் கேலி செய்ததைச் சொல்லலாம். ஆனால் உண்மையான பதில் இதுதான்: உன்னை நன்றாகக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அதை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த மனுஷிக்குத் தைரியம் வரும்?

மிட்டாய் வெகுநேரம் அங்கேயே இருந்தாள். வாளியில் தண்ணீர் சொட்டியது. அந்தச் சத்தம் அக்காவுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

போகும்போது கதவருகில் நின்று சொன்னாள்: "அடுத்த மாசம் மைதானத்துல கச்சேரி. டிவியில நேரா காட்டறாங்க. அண்ணன் எப்பவோ ஒத்துக்கிட்டானாம். நான் பாடப்போறேன்."

"வேணாம்மா!"

"யாரும் சரி பண்ணாம நான் எப்படி இருக்கேன்னு ஒரு தடவ பாக்கணும்க்கா."

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அக்கா போகவில்லை. வீட்டில் டிவி முன் வீட்டுக்காரர் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், நடுவில் அவள். முதல் மூன்று பாட்டும் தாளம் அதிரும் பாட்டுகள். மிட்டாய் ஆடினாள், பாடினாள், மைதானம் குலுங்கியது.

நான்காவது அந்த ஆறாவது வீடியோவின் பாட்டு. தாளம் அடங்கியது. தந்தி ஒலி மட்டும். மேடைக்கு எதிரே, இடப்பக்கமாக, டான்ஸ் மாஸ்டரம்மா நின்றிருப்பார், விரலைக் காட்டுவார், அக்காவுக்குத் தெரியும். ஆனால் மேடையின் மேல் விளக்குகள் கண்ணைக் கூசும்படி எரிந்தன. போதாததற்குப் புகை வேறு. மிட்டாய் இடப்பக்கம் பார்த்தாள். நெற்றியில் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்த்தாள். கூட்டம் அதை மிட்டாய் பார்வை என்று நினைத்து ஆர்ப்பரித்தது.

அவள் பாடத் தொடங்கினாள். ஒரு வரி பின்னால். சுருதியும் எங்கோ போய்விட்டது. இசைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவின் வலது கை சோபாவின் கைப்பிடியில் எதையோ தேடி நகர்ந்தது. இழு, முன்னால் தள்ளு, முகத்தை விட்டுக் கூட்டத்தைக் காட்டு, கூந்தலைக் காட்டு. கைப்பிடியில் துணிதான் இருந்தது.

முதலில் கூட்டம் அவளுக்காகப் பாடியது. ஆயிரக்கணக்கான வாய்கள். மிட்டாய் பாடுவதை நிறுத்திவிட்டு அந்த வாய்களைப் பார்த்தாள், எங்கே சேர்ந்துகொள்வது என்று கண்டுபிடிக்க. முன்வரிசை ஒரு சொல்லில் இருந்தது, பின்வரிசை வேறொரு சொல்லில். இரண்டு முறை வாயைத் திறந்து மூடினாள். பிறகு மைக்கைக் கீழே இறக்கிவிட்டுச் சும்மா நின்றாள். முகத்தில் சிரிப்பு மட்டும் மாட்டிக்கொண்டிருந்தது. யாரோ விசிலடித்தார்கள். பிறகு பலர்.

"அம்மா, இத சரி பண்ண முடியாதா?" என்றாள் மகள்.

"நேரா வருதுடி" என்றாள் அக்கா. வீட்டுக்காரர் எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

மறுநாளே அந்த இரண்டு நிமிடத் துண்டு எல்லோர் ஃபோனுக்கும் போய்விட்டது. அவளுடைய பதினோரு வீடியோக்களையும் பார்த்தவர்களைவிட இதைப் பார்த்தவர்கள் அதிகம். அதுகூடப் பரவாயில்லை. 'இவள் பாடியதே இல்லை, வேறு யாரோ பாடியதற்கு வாயசைத்து இத்தனை வருடம் ஏமாற்றியிருக்கிறாள்' என்று ஒருவர் எழுதிவைக்க, அதுவே ஊர்ப்பேச்சாகிவிட்டது. காது கேட்கவில்லை என்று அண்ணன் தாமதமாக வாயைத் திறந்தபோது, அதையும் ஒருவரும் நம்பவில்லை. அனுதாபம் தேடுகிறார்கள் என்றார்கள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. முதல் வீடியோவின் வெட்டாத ஷாட்டுகள் கம்பெனிப் பெட்டியில் இருந்தன. படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே, ஸ்பீக்கர் கெட்டுப்போன சமயத்தில், அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் தானாகவே முழுப் பாட்டையும் பாடிக் காட்டியது அதில் பதிவாகியிருந்தது. அதை வெளியிட்டால் எல்லோர் வாயும் அடைபடும். முதலாளியிடம் ஓடினாள்.

"அதெல்லாம் கம்பெனி சொத்தும்மா" என்றார் அவர். "இப்ப இந்த நேரத்துல பழசக் கிளறினா வக்கீலு, கோர்ட்டுன்னு இழுத்துக்கிட்டுப் போகும். சும்மா இருங்க."

ஊருக்குச் சொல்ல வழியில்லை. வீட்டுக்காரர் மட்டும் தன்னால் ஆனதைச் செய்தார். டிப்போவில் யார் அந்தப் பேச்சை எடுத்தாலும், "எங்க வீட்ல கண்ணால பாத்தவங்க. அந்தப் பொண்ணுதான் பாடுச்சு" என்று சண்டைக்குப் போனார். "உன் பொண்டாட்டிதானய்யா ஒட்ட வெச்சது?" என்று ஒருவர் கேட்டதும் அவர் போய்த் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதை வீட்டில் வந்து சொல்லவுமில்லை. வேறு யாரோ சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியவந்தது.

மூன்று மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டனுப்பினார். பழைய வீடியோக்களில் மிஞ்சிப்போன ஷாட்டுகளையும், ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த இரண்டு பாட்டையும் சேர்த்து, புதிதாக இரண்டு வீடியோ தயாரிக்க வேண்டும். எந்த ஷாட் எங்கே கிடக்கிறது என்று அக்காவைவிட யாருக்குத் தெரியும்?

"அந்தப் பொண்ணு ஒத்துக்கிச்சா?"

"ஒப்பந்தத்துல இருக்கு. அவங்க அண்ணன் கையெழுத்துப் போட்டது."

அக்கா மிட்டாய்க்குச் செய்தி அனுப்பினாள். மத்தியானம் பதில் வந்தது: 'எனக்கு வேணாம்க்கா. ஆனா என்னால தடுக்க முடியல.'

அக்கா வேலையை விட்டாள். காவலாளி மட்டும் கேட் வரை கூட வந்து தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். தான் போனால் வேலை நின்றுவிடும் என்று ஒரு நப்பாசை அவளுக்கு இருந்தது. நிற்கவில்லை. வேறொருவர் வந்து பத்தே நாளில் முடித்தார். பன்னிரண்டாவது வீடியோ வந்தது. நீச்சல் குளம், கண்ணாடிக் கிடங்கு, மொட்டை மாடி எல்லாம் கலந்து கிடந்தன. மிட்டாய்க்கு ஒரு ஷாட்டில் இருபது வயது, அடுத்ததில் இருபத்தேழு. ஒன்றும் தெரியாதபடி நன்றாகவே வெட்டியிருந்தார்கள். எங்கேயாவது ஒரு பிசிறு தெரியாதா என்று அக்கா நான்கு முறை பார்த்தாள். தெரியவில்லை. பதின்மூன்றாவதை அவள் பார்க்கவில்லை.

இப்போது அவள் பள்ளிப் பிள்ளைகளுக்கான பாட வீடியோ தயாரிக்கும் இடத்தில் இருக்கிறாள். ஆசிரியர்கள் இருமுவதையும் தலை சொறிவதையும் வெட்ட வேண்டும். அந்த அறைக்கு ஜன்னல் உண்டு. வெளியே சைக்கிள் நிறுத்துமிடம்.

மிட்டாய்க்கு ஒரு காதில் ஆபரேஷன் நடந்தது. தலைக்குள் ஒரு கருவியைப் பதித்து, காதுக்குப் பின்னால் வெளியே ஒரு வில்லையை ஒட்டிவிட்டார்கள். பேச்சு புரியும், பாட்டு எப்படியென்று சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அக்காவை வீட்டுக்கு வரச்சொன்னாள். அண்ணன்தான் கதவைத் திறந்தான். பழையபடி ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானாம். அவன் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

"ஒருத்தர் மட்டும் பேசினா நல்லா கேக்குதுக்கா" என்றாள் மிட்டாய். "மெதுவா பேசு. கொழாய் மூடலேன்னா அதுகூடக் கேக்குது. இன்னும் பாட்டு மட்டும் போட்டுப் பாக்கல. தனியா கேக்க பயமா இருந்துச்சு. நீ போடு."

"எது?"

"மொதல்ல வந்தது."

அக்கா தன் ஃபோனை எடுத்தாள். மிட்டாய் கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு தொடங்கியது. முன்னிசை, தாளம், பிறகு பத்தொன்பது வயதுக் குரல். பல்லவி வரை மிட்டாயின் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. நெற்றி சுருங்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வில்லையை விரலால் சரிசெய்து பார்த்தாள்.

"ஆரம்பிச்சாச்சா?"

"பல்லவி போயிட்டிருக்கும்மா."

"தகரத்த இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. இதுல பாடறது நானா?"

"நீதான்."

இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துக்கா."

அக்கா நிறுத்தினாள். பிறகு மிட்டாய், அக்காவின் மகள் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டாள். அக்கா உதட்டை நன்றாக அசைத்து, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.